அவள் பெயர் ஒட்டிய டியூப்

வெல்டருக்கு டாக்டர் என்றாலே பாதி நம்பிக்கைதான். இலவசமாகப் பார்க்கிறேன் என்று சொல்லும் டாக்டர் என்றால் அந்தப் பாதியும் போய்விடும்.

"ஓசியில கெடச்சா பினாயிலைக் கூடக் குடிக்கிற கூட்டம்னு நம்மளை நெனச்சிட்டாங்க," என்றார், ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி வந்த அன்றைக்கே. "எலிக்குப் போட்டுப் பாத்தாச்சு. குரங்குக்குப் போட்டுப் பாத்தாச்சு. அடுத்தது நாமதான்."

"குரங்குக்கு அடுத்து நீங்கன்னு கண்டுபிடிச்சு வந்திருக்காங்கன்னா, கெட்டிக்காரங்கதான்," என்றாள் மனைவி.

இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருபத்தொரு வருஷமாக இருக்கிறது. வெல்டருக்குக் குழாய்ப் பாதை வேலை. தண்ணீர்க் குழாயோ எண்ணெய்க் குழாயோ, எங்கே பதித்தாலும் ஆறு மாதம் எட்டு மாதம் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்துவிட்டு வருவார். அப்படித் தங்கிய இடங்களில் போகக் கூடாத வாசலுக்கும் போனார். விடாத காய்ச்சல் என்று ரத்தம் பார்த்தபோது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. மறு வாரம் அவளுக்குப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நூறு பேர் பார்க்க அவள் காலில் விழுந்தார். அவள் தம்பி, மச்சானாயிற்றே என்று கூடப் பார்க்காமல், அதே நூறு பேர் எதிரில் அவரைக் கன்னத்தில் அறைந்தான். வாங்கிக்கொண்டார். வாங்க வேண்டியதுதானே.

அன்றையிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர். துணி அலசுவது அவர். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்று திரும்பினால் வெந்நீர் வைத்துக் கொடுப்பது அவர். அவள் ஒன்று கேட்டு அவர் மாட்டேன் என்று சொல்லி இருபத்தொரு வருஷம் ஆகிறது.

ஆராய்ச்சியில் சேரலாம் என்று கேட்டதும் அவள்தான்.

காரணம் மகள். மகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு அவள் போய் மூன்று மாதம் தங்க வேண்டும். மகளுக்கு விஷயம் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். சம்பந்தியம்மாளுக்குத் தெரியாது. அந்த அம்மாளோ வந்தவர்கள் பையை எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுகிற ரகம். அந்த வீட்டில் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை டப்பாவை எங்கே ஒளித்துத் திறப்பது? ஆராய்ச்சியில் மாத்திரைக்குப் பதில் ஊசி, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கையை வீசிக்கொண்டு போகலாம்.

"பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, எவ எந்தப் பையைத் தொறக்கிறான்னு பயப்படாம ஒரு மூணு மாசம் இருக்கணுங்க," என்றாள். "அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் வெல்டர் என்ன செய்வார்? போனார்.

ஆராய்ச்சி டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ஆள். ஆனால் பேச்சு தெளிவு.

"ஐயா, மாத்திரை என்ன பண்ணுதுன்னா, கிருமி தன்னை நகல் எடுக்கிற வேலையை நிறுத்துது. இந்த ஊசியில இருக்கிறது ஆன்டிபாடி. இது கிருமியோட வெளிப்பக்கத்துல ஒரு எடத்தைப் பாத்துக் கவ்விப் பிடிக்கும். அந்த எடம் வேற மாதிரி இருந்தா பிடி கெடைக்காது, நழுவிடும்."

"அது ஏன் வேற மாதிரி இருக்கு?"

"இந்தக் கிருமிக்கு நகல் எடுக்கத் தெரியும். ஒழுங்கா எடுக்கத் தெரியாது. ஒவ்வொரு நகல்லயும் ஒரு பிழை விட்டுடும். அதனால உலகத்துல எத்தனை பேருக்கு இருக்கோ அத்தனை தினுசு. ஒருத்தர் உடம்புக்குள்ளயே ஏகப்பட்ட தினுசு. அதுக்குத்தான் ரெண்டு ஆன்டிபாடி சேத்துக் குடுக்கிறோம். ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிக்கும். ரெண்டும் உங்க கிருமியைப் பிடிக்குமான்னு முதல்ல ரத்தத்தை அனுப்பிப் பாத்துக்குவோம். பிடிக்கும்னு வந்தாத்தான் மாத்திரையை நிறுத்துவோம்."

"அதாவது, என்ன இரும்புன்னு பாத்துட்டு வெல்டிங் ராடு எடுக்கிறது," என்றார் வெல்டர். "வார்ப்பிரும்புல சாதா ராடு போட்டா ஒட்டின மாதிரிதான் நிக்கும். சூடு ஆறட்டும், விரிசல் விட்டுடும்."

டாக்டரம்மா கைதட்டாத குறை. "ஐயா, இதைத்தான் நான் அத்தனை வருஷம் படிச்சேன். நீங்க ஒரு ராடுல முடிச்சிட்டீங்க!"

வெளியே வந்தபோது வெல்டர், "பரவால்ல, இந்தப் பொண்ணு காதுல பூ சுத்தலை," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். அவருடையது போய்ச் சேர்ந்தது. அவளுடையது வழியில் உறைந்துவிட்டது. இன்னொரு டியூப் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கே ஆள் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் மகளிடமிருந்து போன் வந்தது, வலி மாதிரி இருக்கிறது என்று. அவள் கட்டிய புடவையோடு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு மணி நேரப் பயணம். பத்தரை மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது.

"கொசு வந்திருக்கேன்!"

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். ஐம்பது வயது, தொந்தி, எப்போதும் வியர்வை. கொசு என்று பெயர் வைத்தது நோயாளிகள்தான். அவரே அதைச் சொல்லிக்கொண்டுதான் வாசலில் நிற்பார்.

"அம்மா எங்க?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா."

கொசு தலையில் கை வைத்தார். "பன்னண்டு மணிக்கு லேபுக்குப் பெட்டி கெளம்புது. இதுதான் கடைசிப் பெட்டி. இன்னிக்கு விட்டா அம்மா பேரு லிஸ்ட்ல இல்ல."

கையில் டியூப். அதன்மேல் அவள் பெயரும் எண்ணும் அச்சடித்த லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. வெல்டர் அதையே பார்த்தார். பையைத் திறக்கிற சம்பந்தியம்மாளை நினைத்தார்.

"ஏம்ப்பா, அவளுக்கு இருக்கிற கிருமி யாரு குடுத்தது?"

"என்னைக் கேட்டா?"

"நான் குடுத்தது. என்கிட்ட இருந்ததுதான் அவகிட்ட இருக்கு. குடத்துல இருந்து சொம்புல ஊத்தினா தண்ணி மாறிடுமா? எடு."

"என்ன எடு?"

"என் கையில எடு. அதுல ஊத்து."

"ஐயோ, தப்புங்க. வேலை போயிடும்."

"யாரு சொல்லப்போறா? நீ சொல்லுவியா, நான் சொல்லுவேனா? டியூப் பேசுமா?"

கொசு கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு இருந்தது. "கொசு ஆளைத் தேடித்தான் கடிக்கும். ஆளே கையை நீட்டி வான்னு கூப்பிடறதை இன்னிக்குத்தான் பாக்கிறேன்," என்று முனகிக்கொண்டே பட்டையைக் கட்டினார்.

இரும்பைப் பார்த்து ராடு எடு என்று சொன்ன வாய் அன்றைக்கு அதை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்த்தார். ஒரே இரும்புதானே என்று முடிவு கட்டினார். பொய் வலி என்று மறுநாள் திரும்பி வந்தவளிடம், பழைய டியூபே போதுமாம் என்றார், நடந்ததைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒரு டியூப்!

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு பேர் கிருமியையும் இரண்டு ஆன்டிபாடியும் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றி, மாத்திரையை நிறுத்தினார்கள். அவள் மகள் வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்புவாள். இரண்டாம் வாரம் கிருமி இல்லை. நாலாம் வாரம் இல்லை. ஆறாம் வாரமும் இல்லை. போனில் அவள் சிரிப்பு வீட்டுக் கூரை வரை கேட்டது. சம்பந்தியம்மாள் பையைத் திறந்தாளாம், பூட்டுகூடப் போடாத பையாம், உள்ளே புடவையும் சீப்பும் தவிர ஒன்றுமில்லையாம்.

எட்டாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள்.

வெல்டருக்கு இல்லை. அவளுக்கு நாற்பத்திரண்டாயிரம்.

"என்ன நாப்பத்திரெண்டாயிரம்?" என்றார் வெல்டர்.

"ஒரு மில்லி ரத்தத்துல அத்தனை கிருமி, ஐயா."

பக்கத்தில் அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளையைத் தூக்கினேனே. குளிப்பாட்டினேனே."

"தூக்கினா, குளிப்பாட்டினா வராதும்மா. சத்தியமா வராது. இன்னிக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கிறோம். அது கேக்கும். எறங்கிடும்," என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, "ஆனா இது எப்படி நடந்துச்சுன்னு எனக்குப் புரியலை. பிடிக்கும்னு வந்த கிருமி எப்படி நழுவுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

வெல்டருக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. மாத்திரைதான் கொடுத்துவிட்டார்களே, எண் இறங்கினால் எல்லாம் அதோடு போயிற்று என்று நினைத்தார். இறங்காவிட்டால்? அதை நினைக்கிற இடத்துக்கே அவர் போகவில்லை. அவளுடைய கிருமியைப் படித்துப் பார்க்க அனுப்பினார்கள். அவள் மகள் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். பத்து நாள் கழித்து இருவரையும் கூப்பிட்டார்கள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. அம்மாகிட்டத் தனியா ஒண்ணு கேக்கணும்."

"என் பொண்டாட்டிகிட்டக் கேக்கிறதை என் எதிர்லயே கேளுங்க."

"சட்டப்படி தனியாத்தான்..."

"இருக்கட்டும், கேளுங்க," என்றாள் அவள். "இவருக்குத் தெரியாதது என்கிட்ட என்ன இருக்கு?"

டாக்டரம்மா மேஜைமேல் இருந்த இரண்டு காகிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிசெய்தாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல நீங்க குடுத்த ரத்தத்துல இருந்த கிருமி வேற. இப்ப உங்க உடம்புல இருக்கிற கிருமி வேற. அது மாறி இது ஆகலை. இது புதுசு. அதனால கேக்கிறேன். இந்த மூணு மாசத்துல, வேற யார் மூலமாவது, புதுசா உங்களுக்குத் தொற்று வந்திருக்க வாய்ப்பு இருக்கா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரித் துணி அலசி அலசி விரல் நுனியெல்லாம் தேய்ந்து கிடக்கிறது. "என்னையா கேக்கிறீங்க?" என்றாள். "என்னையா?"

"நிறுத்துங்க!" வெல்டர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. "அவளைக் கேக்காதீங்க. முதல்ல வந்தது அவ ரத்தம் இல்ல. என் ரத்தம்."

டாக்டரம்மா காகிதத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன சொல்றீங்க?"

"அந்த ரெண்டாவது டியூப். அவ ஊர்ல இல்ல. என் கையில எடுத்தது. நான்தான் கட்டாயப்படுத்தினேன். ரெண்டும் ஒண்ணுதானேன்னு... ஒரே கிருமிதானேன்னு..."

"டியூபுக்குக் கால் மொளச்சு உங்க கைக்கு வந்துச்சா? யாரு எடுத்தது?"

"அதைக் கேக்காதீங்க. தப்பு என்னுது."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் போட்டாள். "ஐயா, ராடு கதை சொன்னது நீங்கதானே? இரும்பைப் பாக்காம அவங்க மாத்திரையை நிறுத்த வெச்சிட்டீங்களே! ரெண்டு மாசமா அவங்க உடம்புல காவலே இல்ல. இந்த மருந்து தோத்துப்போச்சுன்னு நான் அறிக்கை எழுத ஆரம்பிச்சிட்டேன்."

அவள் வெல்டரையே பார்த்தாள். திட்டவில்லை. அது அவருக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

"சரி, தப்புதான். அதான் சொல்லிட்டேன்ல?" என்றார். "இப்பக் குழப்பம் தீந்துச்சுல்ல? புதுசா யாரும் அவளுக்குக் குடுக்கலை. அவகிட்ட இருந்தது பழசுதான்."

"தீந்துச்சு," என்றாள் டாக்டரம்மா. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் தீர்ந்த மாதிரி இல்லை. இரண்டு காகிதத்தையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தது வெல்டரை இல்லை, அவளை. பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெல்டர் பேனாவால் கணக்குப் போடுகிறவர் இல்லை, விரல் விட்டுத்தான் எண்ணுவார். எண்ணினார். அந்தக் காகிதம் என் ரத்தம். இந்தக் காகிதம் அவள் ரத்தம். அது வேறு, இது வேறு என்று சற்று முன்னால்தான் சொன்னாள். அது மாறி இது ஆகவில்லை என்றும் சொன்னாள்.

விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா. நகல் எடுக்கையில பிழை விடும்னீங்க."

"ஆமா."

"நகலுக்கு நகல் மாறும்னீங்க. என்கிட்ட இருந்து போய் அவ உடம்புல எத்தனை வருஷம் இருந்திருக்கு! இருபத்தோரு வருஷம்! மாறி மாறி இப்படி ஆகியிருக்கும்ல?"

"மாறும் ஐயா. ஆனா இந்த அளவுக்கு மாறாது."

"மாத்திரை வேற போட்டோம். அதுலயும் மாறியிருக்கும்."

"மாத்திரை போட்டா நகலே எடுக்காது. இன்னும் கம்மியாத்தான் மாறும்." அவள் குரல் தணிந்திருந்தது. "ஒரு பிள்ளை அப்பா ஜாடை இல்லாமப் போகலாம். ஆனா கிருமியை எழுத்து எழுத்தாப் படிச்சா உறவு தெரிஞ்சிடும். உங்களோடது ஒரு வம்சம். அம்மாவோடது வேற வம்சம். அது ரெண்டும் பிரிஞ்சு உங்க வயசுக்கு மேல ஆகுது."

"இல்லைங்க. நல்லாப் பாருங்க. நான்தான் குடுத்தேன்."

"ஐயா..."

"நான்தாங்க குடுத்தேன்! நான் போனேன், எனக்கு வந்துச்சு, அவளுக்குக் குடுத்தேன். ஊருக்கே தெரியும். அவ தம்பி என்னை அறைஞ்சான்."

தான்தான் குற்றவாளி என்று ஒரு மனுஷன் கெஞ்சுவதை டாக்டரம்மா அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள். தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் என் கையால இன்னொரு தடவை எடுத்துப் பாத்துட்டுத்தான் முடிவாச் சொல்வேன். ஆனா ஒண்ணு. யாரு குடுத்தாங்கன்னு இந்தக் காகிதம் சொல்லாது. நீங்க குடுக்கலைன்னு மட்டும்தான் சொல்லும்."

ரத்தம் எடுத்து முடித்து, மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வெல்டர் பேயறைந்த மாதிரி ஜன்னலைப் பார்த்தார். மண்டைக்குள் இருபத்தொரு வருஷத்துக்கு முந்திய முகங்கள் வரிசை கட்டின. சலவைப் பிரிவு சூபர்வைசர். எதிர்வீட்டில் குடியிருந்த டிரைவர். இவர் ஊரில் இல்லாத மாதங்களில் வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க வந்தவன். ஒவ்வொருத்தனையும் எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். யாரும் பொருந்தவில்லை. எல்லாரும் பொருந்தினார்கள்.

"யாரு?" என்றார்.

"யாருமில்ல."

"யாருமில்லாம ஆகாசத்துல இருந்தா குதிச்சுச்சு?"

அவள் புடவைத் தலைப்பை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஊசி."

"என்ன ஊசி?"

"நீங்க அந்த மலையடிவாரத்துக் குழாய் வேலைக்குப் போயிருந்த வருஷம். வார்டுத் துணி மூட்டையைப் பிரிக்கிறேன், போர்வைக்குள்ள எவளோ ஊசியை விட்டிருக்கா. விரல்ல ஏறிடுச்சு. ரத்தம் வந்துச்சு. பிதுக்கி விட்டு, சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரிச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா எழுதுவாங்க. எழுதினா ரத்தம் பாப்பாங்க. ஏதாச்சும் இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் கூட நின்னவளை அப்படித்தான் அனுப்பினாங்க. நீங்க மாசாமாசம் பணம் அனுப்பின லட்சணம் எனக்குத்தானே தெரியும்."

"அப்ப... உனக்கு மொதல்ல இருந்தே தெரியுமா?"

"தெரியாது." தலைப்பை இன்னொரு தடவை பிரித்தாள். "சந்தேகம் இருந்துச்சு. ஒரு வருஷம் அந்தச் சந்தேகத்தோடயே படுத்து எந்திரிச்சேன். அப்புறம் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. வராந்தாவுல என் கால்ல விழுந்தீங்கள்ல, அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, ஊசி இல்ல, இந்த மனுஷன்தான்னு தோணுச்சு. நிம்மதியா இருந்துச்சு."

"நிம்மதியா!"

"ஊசின்னு நான் சொன்னா எவன் நம்புவான்? இப்ப நீங்க நம்புறீங்களா? நீங்கதான்னு சொன்னதை எல்லாரும் நம்பினாங்க. நீங்களே நம்பினீங்க. நானும் நம்பிட்டேன். அதுக்கப்புறம் ஊசியை நான் நெனைக்கவே இல்ல."

"இருபத்தோரு வருஷம் பாத்திரம் கழுவினேன்டி!"

"போனீங்களா, இல்லையா?"

"எங்க?"

"எங்கன்னு உங்களுக்குத் தெரியும். போனீங்களா, இல்லையா?"

"...போனேன்."

"அதுக்குக் கழுவினீங்க."

"உன் தம்பி அறைஞ்சானே?"

"அதுவும் அதுக்குத்தான்."

ஜன்னலில் யாரோ யாரையோ எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர்கள் எண் இல்லை.

"நான் சொல்லாம விட்டது தப்புதான்," என்றாள் அவள். "ஆனா நீங்க? என் பேரு ஒட்டின டியூப்ல உங்க ரத்தத்தை ஊத்தி அனுப்பிட்டு, நான் சிரிக்கிறதைப் போன்ல கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. நாப்பத்திரெண்டாயிரம்! அது எறங்கலைன்னா அந்தப் பிள்ளை நடக்கிறதை நான் பாப்பேனா?"

ஒரே இரும்பு என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஊசின்னு சொன்னதை நம்புறீங்களா?"

"நம்பலை."

"சரி."

"நம்பாட்டியும் பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான். மருந்தை வாங்கிட்டு எந்திரி."

அடுத்த நாலு வாரமும் அந்த வீட்டில் வார்த்தை அளந்துதான் செலவானது. முதல் இரண்டு நாள் வெல்டர் பாத்திரத்தைத் தொடவில்லை. அவளும் தொடவில்லை. தொட்டி நிறைந்தது. மூன்றாம் நாள் தேநீர் குடிக்க ஒரு டம்ளர் இல்லை. ஒன்றை மட்டும் கழுவப் போனவர் நின்ற நிற்பில் எல்லாவற்றையும் கழுவிவிட்டார். எதற்காகக் கழுவுகிறோம் என்று கை கேட்கவில்லை. அவர்தான் கேட்டுக்கொண்டே கழுவினார். குற்றவாளி என்று அவருக்கு ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அது பழகியிருந்தது. அதிலிருந்து எழுப்பிவிட்டு, எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை.

கொசுவை வீடு வீடாக அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வெல்டர் பெயர் சொல்லவில்லைதான். டியூப் பேசாது என்றாலும், அன்றைக்கு அந்த வீட்டுக்கு யார் போனார் என்று வருகைப் பதிவேடு பேசிவிட்டது. ஆஸ்பத்திரி ஸ்டோரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கொசு, வெல்டரைக் கண்டதும் கும்பிட்டார். "ஐயா, இனிமே உங்க வீட்டுப் பக்கம் காத்தடிச்சாக்கூட நான் வரமாட்டேன்," என்றார். வெல்டர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுப் பழக்கமில்லாததால் அது அதட்டல் மாதிரி வந்தது.

நாலாம் வாரம் டாக்டரம்மா இரண்டு சேதி சொன்னாள். ஒன்று, மறுபடி எடுத்த ரத்தமும் அதையேதான் சொல்கிறது. இரண்டு வம்சம், சந்தேகமே இல்லை. அவளுடைய கிருமியை அந்த இரண்டு ஆன்டிபாடியுமே பிடிக்காது. மாத்திரைதான் அவளுக்குச் சரி. வெல்டருக்கு ஊசி தொடரலாம்.

"ரெண்டாவது?" என்றார் வெல்டர். முதலாவது அவர் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

"எறங்கிடுச்சு ஐயா. நாப்பத்திரெண்டாயிரம் இப்ப நூத்திப்பத்து. அடுத்த மாசம் அதுவும் இருக்காது."

அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. "பிள்ளைகிட்டப் போகலாமா?" என்றாள்.

"நாளைக்கே போங்கம்மா."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். நாலு வாரமும் அந்த எண் இறங்குமா இறங்காதா என்பது மட்டும்தான் உள்ளே ஓடியிருக்கிறது, மற்றதெல்லாம் மேலே மிதந்த நுரை என்பது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. எண் இறங்கியதும் அந்த ஊசி நினைவுக்கு வந்தது.

"எந்த விரல்?" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. இடது கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினாள். "இதுல. இந்த எடத்துல."

வெல்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. இத்தனை வருஷம் சோப்பும் கொதி தண்ணீரும் பட்டுத் தேய்ந்த வழுவழுப்பான விரல்.

"ஒண்ணும் இல்லியே."

அவளும் குனிந்து பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். பிறகு அந்த விரலை மடக்கி நடுவிரலை நீட்டினாள். "இல்ல, இதா? மூட்டையை இப்படிப் பிடிச்சிருந்தேன். அப்ப இதுதான் உள்ள இருந்திருக்கும்." யோசித்தாள். வலது கையையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். "இருங்க, எந்தக் கைன்னே..."

பொய் சொல்கிறவள் ஒரே விரலைத்தான் காட்டுவாள் என்று வெல்டருக்குத் தோன்றியது. தன் முன்கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட தழும்புகள், நாற்பது ஐம்பது இருக்கும். எது எந்த வேலையில் வந்தது என்று ஒன்றுக்குக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.